ஆடிப்பிறப்பன்று பறந்த விமானம்

இந்த நாட்டில் எவரும் எனக்குக் காணி வாங்கித் தரவில்லை. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மொன்றியல் துறைமுகத்தில் பெட்டி இறக்கினேன், லொறி ஓட்டினேன், கடைசியில் பக்கத்து ஊரான புரோசார்ட்டுக்கு அப்பால் சொந்தமாகத் தோட்டமே வாங்கினேன். ஜான்-டலோன் சந்தையில் என் கத்தரிக்காய்க்கு வெள்ளைக்காரரே காத்து நிற்பார்கள்.

மகள் என்னைவிட ஒருபடி மேல். சின்ன விமானமொன்றில் மர உச்சியை உரசுவதுபோலத் தாழப் பறந்து, பயிர்கள் காற்றிலிருந்து எவ்வளவு காபனீரொட்சைட்டு என்கிற கரியமில வாயுவை எடுக்கின்றன, நிலத்திலிருந்து எவ்வளவு சூடு எழும்புகிறது என்று அளப்பது அவளுடைய வேலை. அந்தக் கோடையில் எங்கள் தோட்டமும் அந்த விமானத்தின் பாதையில் இருந்தது.

புகையும் சூடும் அளவைக் கெடுத்துவிடும், பறக்கும் நாளில் கீழே நெருப்பு மூட்டக்கூடாது என்று சொல்லியிருந்தாள். வானமும் காற்றும் வாய்த்த நாள் பார்த்தால், அது ஆடிப்பிறப்பு, ஊரில் வீட்டுக்கு வீடு கூழ் காய்ச்சும் ஆடி முதல் நாள். என் மனைவிக்கு அடுத்த கோடை இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு ஒரே ஆசை: தோட்டத்தில் விறகடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சி, மகளுக்கு ஒரு கோப்பை கொடுக்கவேண்டும்.

"நாளைக்குக் காய்ச்சுங்கோ அம்மா," என்றாள் மகள் போனில்.

"உன்ரை பிளேனுக்காக ஆடிப்பிறப்பைத் தள்ளி வைக்கேலுமோ?"

"அப்ப கேஸில காய்ச்சுங்கோவன்."

"கேஸில காய்ச்சினா அது கூழோ? பசைதான் வரும்!"

விறகை நான்தான் அடுக்கினேன். அகப்பை பிடிக்க மனைவிக்குத் தெம்பில்லை. கதிரையில் இருந்தபடி, "அடிப்பிடிக்கப்போகுது, நல்லாக் கிண்டுங்கோ," என்று என்னை அதட்டினாள். பனங்கட்டி கரைந்துகொண்டிருந்தபோது விமானம் தலைக்கு மேலே போனது. அவள் கையை ஆட்டினாள்.

பின்னேரம் மகள் வந்தாள். "ஒரு நாள் பொறுக்கேலாதோ? சொந்தத் தோட்டத்தாலயே என்ரை வேலை பழுதாப்போச்சு." நீட்டிய கோப்பையைத் தொடாமலே காரில் ஏறிவிட்டாள்.

"பேந்து வந்து குடிப்பாள்," என்றாள் மனைவி.

மேப்பிள் இலைகள் சிவக்குமுன் அவள் கண்ணை மூடிவிட்டாள்.

பனிக்காலத்தில் மகள் கணினியைத் திறந்து, அன்று விமானத்தில் அளந்ததன் வரைகோடு ஒன்றைக் காட்டினாள். எங்கள் தோட்டத்துக்கு மேலே மட்டும் அதில் ஒரு முள் துருத்திக்கொண்டிருந்தது.

"இது அம்மான்ரை அடுப்பு, அப்பா."

"அப்பிடியே இருக்கட்டும்."

"ஏலாது. இது பயிரின்ரை மூச்சில்லை. கணக்கில சேர்த்தாப் பிழை. எடுத்துப்போட்டன்."

நியாயம்தான். அவள் கணினியை மூடினாள்.

"அப்பா, கூழுக்கு அம்மா எவ்வளவு மா போடுறவா?"

கிண்டியவன்தான் நான். மாவை அளந்து கரைத்தவள் என் மனைவி.

"தெரியாது பிள்ளை," என்றேன்.