விரலகலத் துணி

வல்வெட்டித்துறையில் சேலைக்குக் குறைவில்லாதவள் யாரென்று கேட்டால், தண்டையல் ஏரம்புவின் பெண்சாதி இரத்தினம்மாவைத்தான் காட்டுவார்கள். ஏரம்பு பாய்மர வத்தை ஓட்டிக்கொண்டு கடல் கடந்து நாகபட்டினம் போய் வரும்போதெல்லாம் அவளுக்கு ஒரு சேலை வரும். இறங்கியதும் முதல் கடை, கண்ணில் அடித்த முதல் நிறம், அவ்வளவுதான் அவனுடைய தெரிவு. கிளிப்பச்சை, தோடம்பழச் செம்மஞ்சள், குங்குமச் சிவப்பு என்று பெட்டி மூடமுடியாமல் பிதுங்கியது. ஆனால் ஒரு கலியாண வீடு வந்தால் போதும், அத்தனையையும் கட்டிலில் கொட்டிவிட்டு நடுவே அழாக்குறையாக இருப்பாள். சேலை இருந்தால் அதற்குச் சேருகிற ரவிக்கைச் சட்டை இராது. சட்டை இருந்தால் அது கரையோடு சண்டை பிடிக்கும்.

அடுத்த வளவுக் கமலாவதிக்கு, வாத்தியார் செல்வரட்ணத்தின் பெண்சாதிக்கு, அந்தப் பாடு இல்லை. அவளுடைய சேலைகளெல்லாம் ஒரு கொடியை நிரப்பவே காணாது. சாம்பல், சந்தனம், கத்தரிப்பூ என்ற நிறங்களை விட்டு அவள் அங்காலே போனதில்லை. எந்தச் சேலையை எடுத்தாலும் எந்தச் சட்டையும் அதோடு இணங்கிப் போகும். ஊரோ அவள் நாளுக்கொரு புதுச் சேலை கட்டுவதாகக் கதைத்தது. அது பழைய சாம்பல் சேலைதான், சட்டை மட்டுமே வேறு என்று இரத்தினம்மாவுக்குத் தெரியும். வேலியிலிருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் பார்த்துப் பார்த்து அந்தக் கொடியைப் பாடமாக்கி வைத்திருந்தாள். சொன்னால் யார் நம்புவார்கள்? வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

ஒருமுறை இருவரும் பஸ் ஏறி யாழ்ப்பாணம் பெரியகடைத் தெருவுக்குப் போனார்கள். கமலாவதி ஒரு சேலையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தாள். கைப்பையிலிருந்து சட்டைத் துணி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கடைக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். "கரை சேரேல்லை" என்று மடித்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். இரத்தினம்மா வீம்புக்கு இரண்டு சேலை வாங்கினாள். இரண்டும் பெட்டியின் அடியிலேயே கிடந்தன.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பாள். ஆனால் ஒரு கலியாணப் பந்தலில் ஏரம்பு போகிற போக்கில், "உவள் கமலாவதி எதைக் கட்டினாலும் ஒரு எடுப்புத்தான்" என்று சொல்லிவிட்டான். தன் பெண்சாதி எதைக் கட்டிப் புறப்பட்டு நின்றாலும் "வெளிக்கிட்டாச்சோ?" என்பதற்கு மேல் வாய் திறவாத மனுசன். அவன் வாயிலிருந்து அப்படியொரு சொல் வராதா என்று அவள் எத்தனை காலம் ஏங்கிக் கிடந்தாள்! வந்த ஒரு சொல்லும் அடுத்த வளவுக்குப் போய்விட்டது.

ஐம்பத்தேழாம் ஆண்டு சித்திரையில், அம்மன் கோவில் தேருக்கு முதல்நாள் ஏரம்பு கரை திரும்பினான். வழமைபோல ஒரு மஞ்சள் சேலையைக் கட்டிலில் போட்டான். பிறகு தன் மாற்று வேட்டிக்குள் பக்குவமாகச் சுற்றி வைத்திருந்த இன்னொன்றை எடுத்தான். சந்தன நிறம், கத்தரிப்பூக் கரை. இரத்தினம்மா கையை நீட்டினாள். கடைசியில் இந்த மனுசனுக்குக் கண் திறந்துவிட்டது என்று நினைத்தாள்.

"உது கமலாவதிக்கு" என்றான் ஏரம்பு. "போகேக்கை வாத்தியார் சொல்லிவிட்டவர்."

சேலை மடிப்பில் விரலகலத்துக்கு ஒரு கத்தரிப்பூத் துணித்துண்டு குத்தியிருந்தது.

"அவளின்ரை சட்டைத் துணியாம். இதுக்குச் சேருற கரை வேணுமாம். கடைத்தெரு முழுக்க ஏறி இறங்கினன். ஒவ்வொண்டையும் வெயிலிலை பிடிச்செல்லோ பாத்தனான்!"

"நீங்களோ? வெயிலிலை பிடிச்சோ?"

"வேறை என்ன? கடைக்குள்ளை நிறம் பிழையாய்க் காட்டுமெல்லே. பின்னேரம் கொண்டுபோய்க் குடுத்துவிடு."

சேலை போனால் போகிறது. தனக்கு முதல் கடையோடு அலுத்துப்போகிற கால்கள் இன்னொருத்தியின் சட்டைக்காகத் தெருத்தெருவாய் நடந்திருக்கின்றனவே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பின்னேரம் அவள் அதைக் கொடுக்கவில்லை. மறுநாள் ஏரம்பு விடியவே தேருக்குப் போனதும் அதை எடுத்துக் கட்டினாள். பெட்டியிலிருந்த சட்டை ஒன்றும் ஒத்துவரவில்லை. கடைசியில் குங்குமச் சிவப்பைப் போட்டுக்கொண்டு போனாள்.

கோவில் வீதியில் பெண்கள் விலகி இடம் விட்டார்கள். அந்த இடம் கமலாவதிக்குப் பக்கத்தில் இருந்தது. கமலாவதி பழைய சாம்பல் சேலையும் புதுக் கத்தரிப்பூச் சட்டையுமாக நின்றாள். சட்டை அங்கே, அதற்கென்று எடுத்த சேலை இங்கே. பெண்களின் கண்கள் சட்டையிலிருந்து கரைக்கும், கரையிலிருந்து சட்டைக்கும் போய் வந்தன.

வாய்க்காரி பூரணத்தால் சும்மா இருக்க முடியுமா? "என்ன பிள்ளையள், ஒரு வீட்டுச் சாமான் ரெண்டு வீட்டிலை கிடக்குது?" என்றாள்.

கமலாவதியின் முகம் கறுத்தது. கரையை ஒருதரம் பார்த்தாள். "ஓம் அக்கா, சேந்துதான் எடுப்பிச்சனாங்கள்" என்று சொல்லிவிட்டுத் தேரின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைவிட அவள் தன்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம் என்றிருந்தது இரத்தினம்மாவுக்கு.

வடம் பிடித்து நின்ற ஏரம்பு அப்போதுதான் இவளைக் கண்டான். கரையிலிருந்து தோள்வரை, வெயிலில் பிடித்துப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தான். இத்தனை காலமும் அவள் காத்திருந்த பார்வைதான். பார்த்து முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று பின்னேரமே சேலையை மடித்து வேலியடியில் கொடுத்தாள். "மச்சாள், நான் வந்து..." என்று தொடங்கினாள்.

"விடுங்கோ மச்சாள்." கமலாவதி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கரை நல்லாச் சேருது."

அடுத்த பயணத்துக்கு ஏரம்பு வெளிக்கிட்டபோது, அவன் முதன்முதல் கொண்டுவந்த கிளிப்பச்சைச் சேலையின் உள்மடிப்பில் விரலகலம் வெட்டி அவன் பையில் வைத்தாள். "இதுக்குச் சேருறதாய் ஒரு சட்டைத் துணி. வெயிலிலை பிடிச்சுப் பாக்கோணும்" என்றாள். அவன் "ஓம்" என்று மட்டும் சொன்னான்.

திரும்பும்போது கடும்பச்சையில் ஒன்று கொண்டுவந்தான். இரத்தினம்மா வேண்டுமென்றே வேலிப் பொட்டுக்கு நேரே நின்று, சேலையையும் துணியையும் வெயிலில் பிடித்தாள். இரண்டும் அச்சொட்டாகச் சேர்ந்தன. அப்படியும் அவள் மனம் ஆறவில்லை.

"இஞ்சருங்கோ, எத்தினை கடை ஏறினனீங்கள்? அவளுக்கு ஏறினதை விடக் கூடவோ?"

"இல்லை, முதல் கடையிலையே கிடைச்சிட்டுது."

அவள் முகம் தொங்கிப்போனது. துணியை மடிக்கத் தொடங்கினாள்.

"எண்டாலும் மிச்சக் கடையளும் ஏறி இறங்கிப்போட்டுத்தான் வந்தனான்" என்றான் ஏரம்பு. "நீ கேப்பாய் எண்டு தெரியும்."