மார்கழியில் ஒரு பூசணிக் கல்யாணம்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை என் வீட்டுக்காரர் சொன்னால் கோபம் வரும், நானே சொல்லிக்கொண்டால் வராது. அப்படிப்பட்ட நான் திருவான்மியூரில் ஒரு மொட்டை மாடியில் நடந்த, பெர்மாகல்ச்சர் என்ற இயற்கைத் தோட்டமுறைக்கான இரண்டு நாள் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். கூப்பிட்ட தோழி வரவே இல்லை. பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பெண் வகுப்பு எடுத்தாள். மண்ணை வெறுமையாக விடக் கூடாது, எதையாவது போட்டு மூடியே வைக்க வேண்டும். மழை விழுந்த இடத்திலேயே இறங்க வேண்டும். கழிவு என்று எதையும் வெளியே தள்ளக் கூடாது. அவள் சொல்லச் சொல்ல எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கடைசியில், "முதல்ல ஒரு வருஷம் எதுவும் செய்யாம இடத்தை மட்டும் பாருங்க" என்றாள். அது என் காதில் ஏறவில்லை.

எங்களுக்கு ஒரு வருஷம் எங்கே இருந்தது? மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால், கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு நீள மண் துண்டு உண்டு. மழை பெய்தால் தண்ணீர் தேங்கும், கொசு வரும். அசோசியேஷன் செக்ரட்டரி முதல் மாடி மாமி. மழைக்காலம் முடிந்து பொங்கல் கழிந்ததும் அங்கே சிமெண்ட் போட்டுவிடுவது என்று கொத்தனாரிடம் பேசியே விட்டார். என் வீட்டுக்காரருக்கு ஏக குஷி, பைக் நிறுத்த இடமாச்சே. கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு ஓட்டு. எங்கள் வீடு இவர் பெயரில் இருக்கிறது. எனக்கோ அந்த மண் வேண்டும். மயிலாப்பூரில் வெறுங்காலை வைக்க வேறு மண் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

மாமியிடம் போய் நின்றேன். "பொங்கல் வரைக்கும் டைம் குடுங்க மாமி. தண்ணி தேங்காம பண்ணிக் காட்டறேன்."

"பண்ணிக்கோ. தேங்கித்துன்னா அப்புறம் நீ வாயே திறக்கப்படாது" என்றார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் தி.நகர் போனேன். கடைக்குக் கடை வாசலில் திருஷ்டி சுற்றி உடைத்த பூசணிக்காய், குங்குமமும் சதையுமாகக் கிடந்தது. ஊரே மிதிக்காமல் தாண்டிப் போகிறது, எனக்கு மட்டும் அது உரமாகத் தெரிந்தது. கோணிப்பை நிறைய அள்ளிக்கொண்டு ஆட்டோவை நிறுத்தினேன். டிரைவர் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, ஊர்க்கண்ணு மொத்தத்தையும் மூட்டை கட்டிக்கினு போற?"

"உரத்துக்குப்பா."

"உன் காலாண்ட வெச்சுக்கோ. சீட்ல படக்கூடாது" என்றார்.

பின்பக்கம் நீளமாகக் குழி வெட்டி, சருகு போட்டு, பூசணியைக் கொட்டி, அதன்மேலும் சருகு போட்டு மூடினேன். விதையை எடுத்துவிட்டுக் கொட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்றுவிடாமல் முளைத்தது. மழை பிடித்துக்கொண்டதும் துணி காயப்போடும் கயிறு, கேபிள் வயர், குழாய் என்று கிடைத்ததையெல்லாம் பிடித்துக்கொண்டு கொடிகள் ஏறின. வீட்டுக்காரர் வெளியூர் போய்விட்டு வருவதற்குள் மண் ஓரத்தில் நிறுத்தியிருந்த பைக்கின் ஹேண்டில்பாரையும் சுற்றிவிட்டன. மனிதர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்த முழியில் எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பெரிய மழை வந்தபோதும் ஒரு சொட்டுத் தேங்கவில்லை, எல்லாவற்றையும் குழி குடித்துவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாமியின் முகம்தான் கடுகடுவென்றிருந்தது. ஒரு கொடி அவர் பால்கனி கிரில்லுக்குள் நுழைந்திருந்தது.

"தண்ணி தேங்கலை, சரி. யார் யார் திருஷ்டியோ என் ஆத்துக்குள்ள வந்து நிக்கறதே. இதுக்குச் சிமெண்டே தேவலை" என்றார்.

தண்ணீரில் ஜெயித்துவிட்டுத் திருஷ்டியில் தோற்கப் போகிறேன்.

மார்கழி பிறந்தது. ஒருநாள் காலை வாசலில் மாமி போட்ட பெரிய கோலம், நடுவில் சாணி உருண்டைமேல் மஞ்சளாக ஒரு பூசணிப் பூ. குனிந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, நம்ம கொடிதான்.

"மாமி, திருஷ்டி?"

"காய்க்குத்தானே திருஷ்டி. பூ என்ன பண்ணித்து?" என்றார், நிமிராமலே.

பக்கத்திலேயே இன்னொரு உருண்டைமேல் பிஞ்சோடு பறித்த பூ இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினேன். "மாமி, இது பெண் பூ. அடியில குட்டிக் காய் இருக்கு பாருங்க. கோலத்துக்கு ஆண் பூவை மட்டும் பறிங்க."

மாமி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அப்படின்னா பிஞ்செல்லாம் ஏன் வெம்பி விழறது?"

மழையில் தேனீ வரவில்லை, நாம்தான் ஆண் பூவைக் கொண்டுபோய்ப் பெண் பூவில் தொட்டு வைக்க வேண்டும், ஒரு கல்யாணம் மாதிரி என்றேன்.

"மார்கழில யாராவது கல்யாணம் பண்ணுவாளா? தை பொறக்கட்டும்."

"தை வரைக்கும் எங்க மாமி, மத்தியானத்துக்குள்ள பூ வாடிடும்."

மறுநாள் விடிந்ததும் கீழேயிருந்து பார்க்கிறேன், பால்கனியில் மாமி. கையில் ஆண் பூ, முகத்தில் திருட்டுக் களை. என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "இது ரிஜிஸ்டர் கல்யாணம். இதுக்கு மாசம் பார்க்க வேண்டாம்" என்றார்.

அதற்கப்புறம் கேள்வியாகக் கேட்டுத் துளைத்துவிட்டார். இலையில் ஏன் வெள்ளையாகப் பூக்கிறது, புளித்த மோர் தெளித்தால் போதுமா, சருகை எவ்வளவு கனமாகப் போடுவது? எனக்குப் பாதிக்குப் பதில் தெரியாது. திருவான்மியூரில் வகுப்பெடுத்த பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வேன். நான் நேற்றுச் சொன்னதை இன்று மாமி எதிர்வீட்டுக்காரர்களுக்கு அதட்டிச் சொல்லிக்கொண்டிருப்பார். இந்த ஊரில் வாத்தியார் ஆவதற்கு ஒரு ராத்திரி போதும் போலிருக்கிறது. ஆனால் சிமெண்ட் என்ன ஆச்சு என்று கேட்டால் மட்டும், "கூட்டத்துல பார்த்துக்கலாம்" என்பதோடு சரி.

பொங்கல் கழித்து வந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கூட்டம். கீழே கொத்தனார் டேப்போடு காத்திருந்தார். மாமி வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திரிக்கொட்டை மாதிரி கையைத் தூக்கினார். "மாமி சொல்றதுதான் சரி. மண்ணை மூடிடலாம்."

"மூடணும்தான்" என்றார் மாமி. "சருகால மூடணும். சிமெண்டைப் போட்டா மழை எங்கே போகும், உங்க தலையிலயா?"

மாடியே சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமி என் பக்கம் திரும்பினார். "அடுத்த வாரம் என் ஆத்து ஹால்ல நீ வகுப்பு எடுக்கறே. எங்க பஜனை கோஷ்டி முழுக்க வரது."

"எனக்கே ரெண்டு நாள் படிப்புதான் மாமி."

"எனக்கு அதுவும் இல்லை. நானே எடுக்கட்டுமா?"

"வேண்டாம் மாமி, நானே எடுக்கறேன்."

"சரி. சிமெண்ட் வேண்டாம்கறவா கையைத் தூக்குங்கோ" என்று மாமி எண்ண ஆரம்பித்தார். நானும் சுற்றிப் பார்த்தேன். எங்கள் வீட்டை விட்டுவிட்டால் தூக்கிய கையும் தூக்காத கையும் சரிபாதி. இவர் கை, முதலில் சிமெண்டுக்காகத் தூக்கியபடியே இன்னும் மேலேதான் இருந்தது. அது மெல்ல இறங்கப் பார்த்தது. நான் நகர்ந்துபோய் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"வலிக்குதுடி, விடு" என்றார்.

"மாமி எண்ணி முடிக்கட்டும்" என்றேன்.