ஊசிக்கு முன்னால் ஒரு புதிர்

ஊசியைக் குத்துவதற்கு ஒரு மூச்சு முன்னால் புதிரைக் குத்திவிடுவாள். "தலையில்லாத குதிரை, ஜன்னல்ல தொங்குது. ரெண்டெழுத்து, சொல்லுங்க பாப்போம்." படுத்திருப்பவரின் மனம் குதிரையைப் பிடிக்க ஓடும், அந்த நேரம் பார்த்து ஊசி உள்ளே போய், மேலே பிளாஸ்டரும் ஒட்டியாகிவிடும். முதலெழுத்தை வெட்டி எறிந்து "திரை" என்று அவர் சொல்வதற்குள் ரத்தம் பாதிக் குழாயைக் கடந்திருக்கும்.

சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் கழுவித் திருப்பி அனுப்பும் கூடத்தில் அவள் டெக்னீஷியன். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரைப் பகல், அசையாமல் கிடக்க வேண்டிய மனிதர்கள். தன்னைவிட மூத்தவர்களுக்கும் அவள் 'புதிரக்கா'தான்.

எந்தச் சொல்லைக் கண்டாலும் அவளுக்குக் கை சும்மா இருக்காது. தலையை வெட்டி, வாலை நறுக்கி, குடலை உருவிப் பார்த்தால்தான் நிம்மதி. பல்லியின் வாலை அறுத்து வாய்க்குள் வைத்துப் பல் ஆக்கியவள். வருங்காலக் கணவரின் பெயரைக் கலைத்துப் போட்டுப் பார்த்து, நல்ல நல்ல சொற்களாகத் தேறியதால்தான் கல்யாணத்துக்கே சம்மதித்தாள் என்று அவளுடைய தங்கை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். அதில் பாதி பொய் என்று வைத்துக்கொண்டாலும், மீதிப் பாதி இருக்கிறதே.

விளையாட்டுப் பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாது. இதில் அவளுக்கு ஒரு நேர்மை உண்டு. "ஒளிச்சு வைக்கலாம், ஏமாத்தக் கூடாது" என்பாள். விடைக்கு வேண்டியதெல்லாம் புதிருக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒருமுறை எழுத்துக் கணக்கு பிசகிவிட்டது என்று நாற்காலி நாற்காலியாகப் போய் மன்னிப்புக் கேட்டாள். கேட்ட பிறகுதான் பலருக்குப் பிசகே தெரிந்தது.

ஜன்னலோர நாற்காலி, டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருடையது. ஊரில் வண்டி ஓட்டுபவர்களில் பாதிப் பேருக்கு அவர் கற்றுக்கொடுத்தார், மீதிப் பேரைத் திட்டினார். பக்கத்தில் யாராவது உளறினால், படுத்தபடியே அவர் வலது கால் பிரேக்கை மிதிக்கும். புதிர்களில் அவரை மிஞ்ச அந்தக் கூடத்தில் ஆளில்லை. அவர்தான் ஒருநாள், இயந்திரம் நிற்கும் நேரத்தில், "இன்னியோட சரி. இன்ஜின் போன வண்டிய எத்தன நாள்தான் தள்ளிக்கிட்டே போறது?" என்றார்.

நிறுத்தினால் இரண்டு வாரம்கூடத் தாங்காது என்று டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தார். தெரியும் என்றார் மாஸ்டர். அவர் மனைவி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றார்.

ஊசியை எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தியபடி புதிரக்கா சொன்னாள்: "போறதுதான் போறீங்க மாஸ்டர், இத அவுத்துட்டுப் போங்க. உடைஞ்ச கதவுக்குள்ள நிலா நுழைஞ்சா, பாதி வழியில பாட்டு. அஞ்செழுத்து."

அதற்கு விடை கிடையாது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். அந்தக் கதவிலும் இல்லை, நிலாவிலும் இல்லை, பாட்டிலும் இல்லை.

அடுத்த முறைக்கு மாஸ்டர் வந்துவிட்டார். திருந்தி வந்ததாக நினைக்க வேண்டாம், விடையை மூஞ்சியில் எறிந்துவிட்டுப் போகவே வந்ததாகச் சொன்னார். எறிந்தார். தப்பு என்றாள். எதைச் சொன்னாலும் தப்புதானே. முறைத்துக்கொண்டே கையை நீட்டினார். அதற்கடுத்த முறையும் அப்படியே. அவர் மனைவி தொலைபேசியில், "என்னத்தம்மா போட்டுக் குடுத்த? தூக்கத்துலகூட கதவு கதவுங்கிறாரு" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது.

புதிரக்காவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. எப்படியாவது ஓர் ஐந்தெழுத்துச் சொல் அதில் வந்து பொருந்திவிட்டால் போதும், ஏமாற்று புதிராகிவிடும். பாத்திரம் தேய்க்கையில் தேடினாள், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு தேடினாள். ஏசி மெக்கானிக்கான அவள் கணவருக்கு ஒரே குஷி. "நீ போட்ட முடிச்ச நீயே அவுக்க முடியலியா? எத்தன வருஷமா இதுக்குக் காத்திருந்தேன் தெரியுமா" என்றார். அவள் சிரிக்கவில்லை. ஒரு சொல்லும் பொருந்தவில்லை.

ஒருநாள் காலை மாஸ்டர் எடை பார்த்துவிட்டு வந்து படுத்தார். கையை நீட்டவில்லை.

"விடையே இல்லதான?"

அவள் ஊசித் தட்டோடு நின்றாள்.

"எப்பவும் புதிரப் போட்டுட்டு நாற்காலியச் சுத்திச் சுத்தி வருவ. பொறுக்க முடியாம ஒவ்வொரு எழுத்தா கசிய விடுவ. இதுக்கு மட்டும் ஊசியக் குத்திட்டு ஓடிடுற. லைசென்ஸ் இல்லாதவன் போலீஸப் பாத்தா இப்படித்தான் மூஞ்சியத் திருப்பிக்குவான்."

"இல்ல மாஸ்டர். விடை இல்ல. ஏமாத்திட்டேன்."

அவர் கூரையைப் பார்த்தார். செருப்பு நாற்காலிக்குக் கீழேயே கிடந்தது, கூடத்துக் கதவும் திறந்திருந்தது. போகாதீர்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை; கேட்கும் உரிமையைத்தான் தொலைத்துவிட்டாளே. பக்கத்து இயந்திரம் ஒருமுறை கத்தி, தானே அடங்கியது.

"இப்ப நான் ஒண்ணு போடுறேன், ஒழுங்கான புதிர்" என்றார் மாஸ்டர். "முன்னாடி ரெண்டும் கழண்ட சக்கரம், ஊசிக்கு நீட்டுறது. மூணெழுத்து. விடைய இன்னிக்குச் சொல்ல மாட்டேன். அடுத்த தடவ வந்து சொல்றேன். அதுவரைக்கும் நீயும் தூக்கம் கெட்டுத் தவி."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.

சக்கரத்தின் முதல் இரண்டெழுத்தையும் கழற்றிவிட்டால் கரம். அவர் வாயை மூடுவதற்குள் அது அவளுக்குக் கிடைத்துவிட்டது. தட்டைக் கீழே வைத்தாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு எழுத்தெண்ணினாள், உதட்டைப் பிதுக்கினாள், மறுபடியும் முதல் விரலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.