வாசற்படி வைத்த கேரவன்

நடிகைகள் உட்கார்ந்து மேக்கப் போட்டுக்கொண்ட வண்டியை ஒருநாள் நீ வாங்குவாய் என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாரய்யா என்று துரத்தியிருப்பேன். வாங்கினேன். பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் அந்தப் பழைய ஷூட்டிங் கேரவன் வந்து நின்றபோது, எதிர்வீட்டு சார் வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்துவிட்டார். "எந்த ஹீரோயின் சார் யூஸ் பண்ணது?" என்றார். பால்காரர், இஸ்திரிக்காரர், கோடிவீட்டு டீச்சர் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். தெரியாது என்றால் நம்பவில்லை. தெரிந்துகொண்டே மறைக்கிறான் என்று முறைத்தார்கள். கடைசியில் என் மனைவி, "ஹீரோயின் எல்லாம் இல்ல சார், ஸ்டண்ட் ஆளுங்க அடிபட்டா படுக்க வைப்பாங்களாம்" என்று ஒரே போடாகப் போட்டாள். அதோடு கூட்டம் கலைந்தது.

வண்டி வாங்கியது என் மச்சினன் கல்யாணத்துக்காக. மனைவியின் ஒரே தம்பி, மாயவரத்தில் இருந்தான். நாற்பதைத் தொடும்வரை வேண்டாம் வேண்டாம் என்று இழுத்தடித்துவிட்டு, ஒருவழியாகத் தலையாட்டியிருந்தான். தை மாதம் முகூர்த்தம். எங்கள் வழக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் அவனுடைய அக்காவோ தங்கையோ பின்னால் நின்று போட வேண்டும். நாத்தனார் முடிச்சு என்பார்கள். அவனுக்கு இருந்தது இந்த ஒரு அக்காதான்.

"நீ வரலைன்னா பெரியப்பா பொண்ணு முடிச்சுப் போடட்டும்கறாங்கக்கா. எனக்கு அது வேணாம்" என்று போனில் அவன் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. மனைவி போனை வைத்தாள். அப்புறம் அடுப்படிக்குப் போய், காலையில் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

அவள் போக முடியாததற்குக் காரணம் எங்கள் பெண். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. ஆட்டிசம். பேச்சு அநேகமாக ஒற்றைச் சொற்கள்தான். தன் அறையைத் தவிர வேறெங்கும் தூங்க மாட்டாள். மாமனார் இறந்தபோது ஊரில் ஒரு லாட்ஜில் தங்கப் பார்த்தோம். உள்ளே காலை வைத்ததும் அலற ஆரம்பித்தாள், கையைக் கடித்துக்கொண்டாள், ரத்தம் வந்துவிட்டது. ஆள் கூடி, மேனேஜர் எங்களைப் பிள்ளை பிடிப்பவர்களைப் போலப் பார்த்தார். காரியத்துக்கு இருக்காமல் திரும்பினோம். அம்மா இல்லாமலும் தூங்க மாட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் வா என்று ஒருமுறை வீரம் பேசினேன். மனைவி செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள், வந்துவிடு தாயே என்று கூப்பிட வேண்டியதாகிவிட்டது. அதற்கப்புறம் அவள் பிறந்த வீட்டுப் பேச்சையே எடுக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் காப்பி ஆற்றிக்கொண்டே, "அவ ரூமை விட்டு வர மாட்டா. ரூமையே கூட்டிட்டுப் போயிட்டா என்னங்க?" என்றாள். பைத்தியமா என்றேன். பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாவிட்டால் காரியம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றவர்கள் கேரவனைப் பிரித்துப் பார்த்ததில்லை. முடிச்சூர் ரோட்டில் வேன்களுக்கு பாடி கட்டும் ஒரு ஷெட்டில் வண்டியை விட்டோம். நாத்தனார் முடிச்சுக்காக முடிச்சூருக்கு அலைகிறேன் என்று ஆபீசில் சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை. உள்ளே சிவப்பு வெல்வெட் சோபா, சுற்றிலும் குண்டு பல்பு வைத்த ஆளுயரக் கண்ணாடி, ஜிகினா திரை, கால் வைத்தால் அமுங்கும் கார்ப்பெட். எல்லாவற்றிலும் சிகரெட்டும் ரோஸ் பவுடரும் கலந்த ஒரு வாடை. சோபாவைத் தூக்கியபோது கொத்தாக ஹேர்பின்கள். மூலையில் கருப்பாக ஏதோ கிடக்க, என் மனைவி பூரான் என்று விளக்குமாற்றால் நாலு சாத்துச் சாத்தினாள். அது யாரோ கழற்றிப் போட்ட ஒட்டு இமை.

அதற்கப்புறம் அவள் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பெண் ஸ்பெஷல் ஸ்கூலுக்குப் போயிருக்கும் பகலில் அவளுடைய கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வாள். தலையணையிலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது, கையை நீட்டினால் எது தட்டுகிறது என்று பார்ப்பாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, பெண் தூங்கும்போது கையை அதில்தான் தொங்கவிடுவாள். டேப் வைத்திருந்த ஷெட்காரரிடம் போய் என் மனைவி சாணைக் காட்டி, இவ்வளவு வேண்டும் என்றாள். அறையின் பச்சை டிஸ்டம்பர் வெளிறிப்போன பச்சை. அந்த நிறம் எந்தக் கடையிலும் இல்லை. சுவரில் பெயர்ந்த ஒரு சில்லைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுபோய், கலக்கக் கலக்க வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி, பெயிண்டர் கும்பிடு போட்ட பிறகுதான் சரி என்றாள். கருப்பு பிலிம் ஒட்டிய ஜன்னலுக்கு வீட்டில் இருப்பது போலவே கட்டம் போட்ட கிரில். மொசைக் தரைக்கு அதே புள்ளி போட்ட விரிப்பு. படுக்கும் முன் பெண் சுவிட்சை இரண்டு தடவை தட்டுவாள், எனவே சுவிட்ச் போர்டு அதே உயரத்தில், அதே இடது பக்கம். அறையில் ஓடிய பழைய டேபிள் ஃபேனைக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே மாட்டினாள். புது ஃபேன் வாங்கலாமே என்றேன். "புதுசு டக் டக்னு சத்தம் போடாதுங்க" என்றாள். இத்தனைக்கும் என் மனைவி படித்தது பி.காம்.

எல்லாம் முடிந்து வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது. உள்ளே நின்று பார்த்தால் எனக்கே வீட்டுக்குள் நிற்பதாகத்தான் தோன்றியது. பெண்ணைக் கூட்டிவந்தோம். கதவு திறந்திருந்தது, கட்டில் தெரிந்தது, அவளுடைய போர்வை தெரிந்தது. பார்த்தாள். "வண்டி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

மறுநாளும் வண்டி. அதற்கு மறுநாளும் வண்டி. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். பச்சை சரியில்லை, நான் அப்போதே சொன்னேன் என்று கத்தினேன். நான் அப்போது எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஷெட்காரர் தன் பங்குக்கு, "ஏசியைக் கயட்டிட்டீங்கல்ல சார், அதான் பாப்பாவுக்கு பேஜாரா கீது" என்றார். கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா பெண்ணுக்குப் பட்டுப்புடவை எடுத்துவிட்டார்கள் என்று வேறு தகவல் வந்தது.

மனைவி எங்கள் இருவரையும் கண்டுகொள்ளவில்லை. வாசலில் உட்கார்ந்து, பெண் ஸ்கூலிலிருந்து வந்து வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். செருப்பைக் கழற்றுவாள். மூன்று படியில் கால் வைப்பாள். மஞ்சள் பூசிய வாசற்படி வந்ததும் நின்று, வலது காலை நன்றாகத் தூக்கி, அதை மிதிக்காமல் தாண்டுவாள். வாசற்படியை மிதிக்கக் கூடாது, அதன் மேல் நிற்கக் கூடாது என்று சின்ன வயதில் ஒரு தடவை சொன்னது. எதைச் சொன்னாலும் நூறு முறை சொல்ல வேண்டிய குழந்தை, அதை மட்டும் அன்றோடு பிடித்துக்கொண்டது.

"வண்டின்னா ஏறணுங்க. வீடுன்னா தாண்டணும்" என்றாள் மனைவி.

ஷெட்காரர் தலையில் கை வைத்தார். "இன்னாக்கா, கேரவனுக்குப் போய் வாசப்படியா? வூடு கட்டிகினு கீறீங்களா, வண்டி கட்டிகினு கீறீங்களா?"

"வீடுதான். நீங்க வைங்க."

கம்பியில் கால் வைத்து ஏறும் இரும்புப் படியை எடுத்துவிட்டு, கழற்றி மாட்டுகிற மாதிரி அகலமாக மூன்று மரப்படி செய்தார்கள். கதவு நிலையின் அடியில் ஒரு வேப்பங்கட்டையை இழைத்துப் பொருத்தினார்கள். மனைவி அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். மேலே மாவிலை கட்டினாள். கீழே, ரோடு என்றும் பார்க்காமல், தண்ணீர் தெளித்து ஒரு கோலமும் போட்டாள். எதிர்வீட்டு சார் இது என்ன புதுமனை புகுவிழாவா என்று கேட்டார், ஆமாம் வாங்க என்றாள். பெண் எதிரில் வண்டி என்றோ ஏறு என்றோ ஒருவரும் வாய் தவறக்கூடச் சொல்லக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு.

பெண் வந்து நின்றாள். "ஏறு பாப்பா, ஏ..." என்று ஆரம்பித்த ஷெட்காரர் என் மனைவி பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினார். "உள்ள வாம்மா" என்றார் மெதுவாக. பெண் கோலத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். மூன்று படியிலும் கால் வைத்தாள். வலது காலைத் தூக்கித் தாண்டினாள். உள்ளே சுவிட்சை இரண்டு தடவை தட்டும் சத்தம் கேட்டது. என் மனைவியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது எனக்கு. தெருவே பார்த்துக்கொண்டிருந்ததால் கும்பிடவில்லை.

அப்புறம் வண்டி ஓடும்போதும் பெண் படுத்திருக்கப் பழக வேண்டுமே. முதலில் வாசலிலேயே நிறுத்தித் தூங்கவைத்தோம். பிறகு தெருவைச் சுற்றி, பிறகு திருநீர்மலை அடிவாரம் வரை போய் வந்தோம். ஆட்டம் அவளுக்குப் பிடித்தே இருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் நானே மெதுவாக ஓட்டிக்கொண்டு மாயவரம் போய், மண்டபத்துத் தென்னைமரங்களுக்குக் கீழே நிறுத்தினேன். படியை மாட்டினோம், மனைவி கோலம் போட்டாள். அன்றிரவு பெண் தூங்கினாள்.

காலையில் முகூர்த்தம். நான் பெண்ணோடு இருந்துகொண்டேன். கெட்டிமேளம் கொட்டியதுமே, சரி, மனைவி முடிச்சுப் போட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விரலில் மஞ்சளோடு ஓட்டமாக ஓடிவந்தாள்.

"மேளச் சத்தத்துல கத்தினாளா?"

"இல்ல. தூங்கறா."

"மேளத்துக்குமா?"

"மேளத்துக்கும்தான். நீ போய் சாப்பிடு."

எட்டிப் பார்த்தாள். போர்வை, அதன் ஓரத்தில் ஒரு சாண் இடைவெளியில் தொங்கும் கை. பிறகு என்னைப் பார்த்து, "நான் போகட்டுமாங்க?" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் எதற்கும் உத்தரவு கேட்டதில்லை. "பாயசம் வரைக்கும் இருந்து சாப்பிடு" என்றேன்.

பந்தி நடந்த கொட்டகை கிரில் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சித்தி பெண்களும் பெரியப்பா பெண்ணும் நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். இலை போட்டார்கள். யாரோ எதையோ சொல்ல, சாதத்தில் வைத்த கையை எடுக்காமலே என் மனைவி சிரித்தாள், அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. சாம்பார் வந்தது, ரசம் வந்தது, பாயசம் வந்தது. இலையை மடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் ஒரு தடவைகூட எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.