இரும்புச் சப்பரம்

வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாலும், இயேசுவை வளர்த்த சூசையப்பர் வாய் திறந்து பேசியதாக ஒரு வார்த்தை கிடைக்காது. கனவில் வானதூதர் வந்து, எழுந்து பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு போ என்பார். ஏன், எதற்கு, எத்தனை நாளைக்கு என்று இவர் கேட்க மாட்டார். எழுந்து போய்விடுவார். ஞானோபதேச வகுப்பில் இதைக் கேட்டபோது, இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று நினைத்தேன். பிறகு அப்படி ஒருவருக்கே என்னைக் கட்டி வைத்தார்கள்.

என் வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவத்துக்கு வண்டி செய்கிற தொழிற்சாலையில் வெல்டர். நான் நூறு வார்த்தை பேசினால் அவர் ஒரு 'ம்' போடுவார். எங்கள் குவார்ட்டர்ஸ் ஓரமாக ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சிற்றாலயம் இருந்தது. கட்டியவர்கள் தொழிலாளிகள் என்பதால் தச்சரான சூசையப்பர் பெயரையே வைத்திருந்தார்கள். ஒரு கையில் குழந்தை, மறு கையில் லீலிப்பூ, காலடியில் தச்சர் பிடிக்கிற மூலைமட்டம் என்று சுரூபம் அழகாக இருக்கும். பிளாஸ்டர் சுரூபம்தான். ஒரு ஆள் இடுப்பில் வைத்துத் தூக்கிவிடலாம்.

கனமெல்லாம் சப்பரத்தில்தான். பவனிக்கு முதலில் பூந்தமல்லிப் பக்கத்துக் கோயிலிலிருந்து ஒரு மரச்சப்பரத்தை இரவல் வாங்கி வருவோம். ஒரு வருஷம் அது கிடைக்கவில்லை. எங்கள் ஆண்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய இரும்புக் கடையிலிருந்து சேனல், ஆங்கிள், குழாய் என்று கனத்த இரும்பாக வாங்கி வந்து தாங்களே செய்துவிட்டார்கள். பீரங்கி வண்டி செய்து பழகிய கைகள் வேறு எப்படிச் செய்யும்? அதைத் தூக்கப் பதினாறு ஆண்கள் வேண்டும். வெல்டிங் முழுக்க என் வீட்டுக்காரர்.

"சூசையப்பரு இன்னா சண்டைக்கா போறாரு, இவ்ளோ இரும்பு?" என்று கேட்டேன்.

"ம்," என்றார்.

அது எண்பதுகளின் கடைசி. அந்த வருஷம் ஜனவரியில் எங்கள் இரண்டு வயதுப் பெண்ணுக்கு டைபாய்டு வந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள், காய்ச்சல் இறங்காமல் குழந்தை கண்ணைத் திறக்காமல் கிடந்தபோது, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பேசினார். "சூசையப்பா, இந்த வருசம் முன்பக்கத்து வலது தோளு என்து. கோயில்லேர்ந்து கோயில் வரைக்கும் மாத்தவே மாட்டேன்." தெருவுக்குத் தெரு ஆள் மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். மாற்றாமல் யாரும் தூக்கியதில்லை. அவர் வாயிலிருந்து அத்தனை வார்த்தைகள் சேர்ந்தாற்போல வந்து நான் கேட்டதும் இல்லை. மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அந்த நேர்த்திக்கடன் எனக்கு விளையாட்டு இல்லை. அதை விட்டால் குழந்தைக்கு மறுபடியும் ஏதாவது ஆகிவிடும் என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

சூசையப்பர் திருநாள் மார்ச் பத்தொன்பது. தொழிற்சாலையில் வருஷக் கணக்கு முடிகிற மாதமும் அதுதான். உழைப்பாளிகளின் பாதுகாவலர் திருநாளுக்கு உழைப்பாளிகளால் வர முடியாது என்பது எங்கள் காலனியின் தலையெழுத்து. மற்ற வருஷங்களில் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுவார்கள். அந்த வருஷம் மாதக் கடைசி வரை எல்லோருக்கும் ஓவர்டைம், யாருக்கும் லீவு கிடையாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

திருநாள் காலைப் பூசை முடிந்ததும் உபதேசியார் எழுந்தார். கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் அவர். "தவக்காலந்தானே, உள்ளேயே ஜெபம் பண்ணி முடிச்சிக்கலாம். பவனிய மே மாசம் பாத்துக்கலாம்," என்றார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "எம்பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்போ சூசையப்பரு மே மாசம் வா, பாத்துக்கலாம்னா சொன்னாரு?"

"யாரும்மா தூக்கறது? இரும்பும்மா அது."

"நாங்க தூக்கறோம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது கதவோரமாக ஒரு குரல் கேட்டது. திருநாள் பாயசத்துக்குப் பால் கொண்டு வந்த பால்காரம்மா, பக்கத்துப் பழைய கிராமத்துக்காரி. "நா ஒரு தோளு குடுக்கறேன்க்கா."

"நீ நம்ம சபை இல்லியேம்மா," என்றார் உபதேசியார்.

"வெள்ளிக்கெழம மாங்காட்டு அம்மன், செவ்வாக்கெழம உங்க அந்தோணியாரு. எனக்கு ரெண்டும் என் ஊடுதான். எருமைக்குத் தெனம் புல்லுக்கட்டு சொமந்துகினு வர்றவ நானு. எங்கிட்ட கனத்தப் பத்திப் பேசாதீங்க."

எல்லோரும் பூசை வைத்த சாமியாரைப் பார்த்தோம். "தூக்கித்தான் பாருங்களேம்மா," என்று சிரித்தார்.

மத்தியானம் ஒத்திகை. எங்களுக்குச் சுமை புதிதில்லை. வாட்டர் லாரி வந்தால் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று ஓடுகிறவர்கள்தான். ஆனால் தோள் வேறு. முதல் தடவை தூக்கியபோது ஒரு சாண் எழும்பி, இடது பக்கமாகச் சாய்ந்தது. மேலே சுரூபம் ஆடியது. அலறிக்கொண்டு இறக்கிவிட்டோம். "ஒசரம் பாத்து நிக்காம ஆளாளுக்குப் பூந்தா இப்டித்தான்," என்று பால்காரம்மா எங்களை உயரம் பார்த்து ஜோடி ஜோடியாக நிறுத்தினாள். பழைய புடவைகளைக் கிழித்துத் தோளுக்குச் சும்மாடு சுற்றினோம். அடி பிசகாமல் நடப்பதற்குப் பிரார்த்தனையே கைகொடுத்தது. சாமியார் ஒரு வரி சொல்லுவார், நாங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்போம். ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு அடி. அந்தத் தாளத்தில் சப்பரம் குலுங்காமல் நகர்ந்தது.

சாயங்காலம் ஆறரைக்குக் கிளம்பினோம். கரையான்சாவடியிலிருந்து வந்த பேண்டு செட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்துவிட்டு ஊதுவதற்கே மறந்து நின்றார்கள். முன்பக்கத்து வலது தோள் நான். எனக்குப் பின்னால் பால்காரம்மா. என் பெண்ணைத் தூக்கிக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் உபதேசியாரிடமே கொடுத்துவிட்டேன். அவரும் மறுக்காமல் இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தார்.

முதல் தெரு முனையில் மற்றவர்கள் மாற்றிக்கொண்டார்கள். இரண்டாவது முனையில் பால்காரம்மா, "மாத்திக்கோக்கா, காலு நடுங்குது உனுக்கு," என்றாள்.

"மாட்டேன். இது எங்கூட்டுக்காரரு தோளு."

"அப்ப நானும் மாத்தல," என்றாள்.

டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் எழுந்து நின்றார்கள். வலி காது வரைக்கும் ஏறியிருந்தது. ஆனால் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக என் கல்யாணத்தன்றுகூட நான் நடந்ததில்லை.

மெயின் ரோட்டுக்கு வந்தபோது ஓவர்டைம் முடிந்த சங்கு ஊதியது. கேட்டைத் திறந்ததும் சைக்கிள்கள் மொத்தமாக வெளியே வந்தன. எங்களைப் பார்த்ததும் முன்னால் வந்தவர்கள் பிரேக் பிடிக்க, பின்னால் வந்தவர்கள் மோத, மணிச்சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. பிறகு எங்கள் ஆண்கள் சைக்கிள்களைப் போட்டுவிட்டுத் தோள் கொடுக்க ஓடி வந்தார்கள்.

"கைய எடுங்க," என்றேன். பதினாறு பெண்களும் அதையே சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து, சப்பரத்தின் குழாய்மேல் கை வைத்தார். "நேத்திக்கடன் பாதில கீது. மாத்தறதில்லன்னு சொன்னது நீங்கதான். போயி கொழந்தைய வாங்கிக்கோங்க," என்றேன்.

அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. உபதேசியாரிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, மறு கையில் ஒரு மெழுகுவத்தியோடு கோயில் வரை என் பக்கத்திலேயே நடந்தார். சப்பரத்துக்கு மேலே ஒருவர் கையில் குழந்தை, கீழே ஒருவர் கையில் குழந்தை. சப்பரத்தைக் கோயில் வாசலில் இறக்கியபோது பேண்டு செட்டுக்காரர்கள் மூச்சுப் பிடித்து ஊதினார்கள். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதோம், சிரித்தோம். உபதேசியார் எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்.

என் தோள் ஒரு வாரம் கன்னிப்போய்க் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு ஆண்களெல்லாம் கூடி, ஆங்கிளை அறுத்துச் சப்பரத்தின் கனத்தைக் குறைத்துவிடலாம் என்று பேசினார்கள். "அதும் மேல கை வெச்சீங்கன்னா அவ்ளோதான். இதே கனத்ததான் நாங்க தூக்கினோம்," என்று நான் கோயில் வாசலில் நின்று கத்தினேன். என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுத்து என் தோளை அளந்தார். அடுத்த நாள் பால்காரம்மாவில் தொடங்கி மற்றப் பெண்களின் தோள்களையும் அளந்துகொண்டு வரச் சொன்னார்.

அடுத்த மார்ச்சில் ஓவர்டைம் இல்லை. ஆண்கள் எல்லோரும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு சப்பரத்தைத் தூக்க வந்தார்கள். தூக்குகிற குழாய்களில் தோள் உட்காருவதற்குப் பதினாறு இரும்பு வளைவுகள் வெல்டிங் செய்யப்பட்டு, மெத்தென்று துணி தைத்திருந்தது. கனம் முன்னைவிடக் கூடித்தான் இருந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து தோளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் உள்ளே போகவில்லை.

"இன்னாப்பா, அளவு தப்பாப் போச்சா?" என்று கேட்டார்கள்.

என் வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "இல்ல, அளவு கரெக்ட்டு," என்றார்.