ஒரே பேனா

சபையில் அவருக்குக் கவர் ஐயா என்று பெயர். இரும்புச் சாமான் கிடங்கில் பில் எழுதுவது பிழைப்பு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பின்கூடத்தில் பத்துப் பேரை உட்காரவைத்து, சம்பளத்தைக் கவர் கவராகப் பிரிக்கக் கற்றுக்கொடுப்பது ஊழியம். முதல் கவர் காணிக்கை, அடுத்தது வாடகை, கடைசியில் 'கேட்காமல் வரும் செலவு'. கையில் இருப்பது எதுவும் நம்முடையதல்ல, நாம் கர்த்தருடைய சொத்தைப் பார்த்துக்கொள்ளும் உக்கிராணக்காரர்கள், ஒருநாள் அவர் கணக்குக் கேட்பார் என்பார். அவர் பேச்சைக் கேட்டு நான்கு குடும்பங்கள் கடனிலிருந்து கரையேறியிருந்தன. கேட்காத ஒரே ஆள், தினமும் காலையில் கவர் ஐயாவின் கண்ணாடியைப் பார்த்து முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன், ஐந்தாவது வாரப் பாடமான 'யாருக்கும் ஜாமீன் நிற்காதே' நடந்த ஞாயிறன்றே தம்பி டயர் கடைக் கடனுக்கு விண்ணப்பத்தோடு வந்தான். பாடம் காலையில், கையெழுத்து சாயங்காலம். இப்போது கடை மூடி ஏழு மாதமாகிறது. தம்பியின் போன் அணைந்தே கிடக்கிறது. தவணையை மகளின் படிப்புக் கவரிலிருந்து எடுத்துக் கட்டினார். மனைவி மாதம் ஒருமுறை அந்தக் கவரைப் பிரிக்காமல் அழுத்திப் பார்ப்பாள். அதற்காகப் பழைய பில் தாள்களை ரூபாய் நோட்டு அளவுக்கு வெட்டி உள்ளே வைத்திருந்தார். கல்லூரிக் கட்டணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

அதற்குள் இந்த முறை வகுப்பின் பத்தாவது வாரம் வந்துவிட்டது. கடைசி வகுப்பில் ஆசிரியரின் செலவு நோட்டை மாணவர் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். எல்லோரும் வீட்டில் உள்ளவர்களை அழைத்து வரலாம். மறைக்க எதுவும் இல்லாத காலத்தில் அவரே போட்ட சட்டம்.

நான்கு நாள் மதிய இடைவேளையில், கிடங்கில் உட்கார்ந்து புது நோட்டு ஒன்றைத் தயார் செய்தார். பழையதில் தவணைகள் அத்தனையும் தேதியோடு இருந்தன. மனைவியை ஏமாற்ற முடிந்த மனிதரால் நோட்டை ஏமாற்ற முடியவில்லை. அதை வீட்டில் வைத்துவிட்டு வரவும் பயம். பையின் அடியில் போட்டுக் கொண்டுவந்தார். பை இப்போது கடைசி பெஞ்சில், மனைவியின் மடியில் இருந்தது.

புது நோட்டைத் தையல்காரி படித்தாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி. நாலு பக்கம் போனதும் நிறுத்தினாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளும்மா."

"பன்னெண்டு மாசமும் ஒரே பேனா."

"பேனாலயும் சிக்கனம் போல," என்றார் ஆட்டோக்காரர். கூடம் சிரித்தது. கவர் ஐயா கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

"இல்லண்ணே. மூணாவது வாரம் ஐயாதான சொன்னாரு? நெஜ நோட்டுல நாலு மை இருக்கும், எண்ணெய்க்கறை இருக்கும், அடிச்சுத் திருத்துனது இருக்கும். ஒரே மூச்சுல எழுதுனது கணக்கில்ல, கதைன்னு. என் நோட்டத் தூக்கி எல்லாருக்கும் காட்டிட்டு, போயி நெஜத்த எழுதிட்டு வாம்மான்னு அனுப்பல?"

அவளிடம் குத்தல் எதுவும் இல்லை. பரீட்சையில் சரியான விடை எழுதியவளின் பெருமைதான் இருந்தது.

"சுத்தப் பிரதியா இருக்கும்," என்று ஆட்டோக்காரர் கைகொடுத்தார். "என்ன ஐயா?"

"ஆமா," என்று சொல்லிவிட்டார். நாக்கு முந்திக்கொண்டது.

"அப்ப அசலு பையிலதான் இருக்கும்," என்றாள் மனைவி. கணவரின் மானத்தைக் காப்பாற்றும் அவசரத்தில் பையைக் கிண்டினாள். "இந்தா இருக்கு. எண்ணெய்க்கறைகூட இருக்கு பாரு."

நோட்டு பெஞ்ச் பெஞ்சாகக் கைமாறி முன்னால் வந்தது. தையல்காரி வாங்கக் கை நீட்டினாள். அவர் எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நானே படிக்கிறேன்மா."

எந்தப் பக்கத்தையாவது படித்திருக்கலாம். மளிகைப் பக்கமே இரண்டு இருந்தது. ஆனால் விரல் போய் நின்ற இடத்தைப் படித்தார். "படிப்புக் கவர். தம்பி ஜாமீன் கடனுக்காக எடுத்தது." ஏழு மாதத்தையும் படித்தார். நிமிராமலே, "கவருக்குள்ள இருக்கிறது பில் பேப்பர்," என்றார்.

கடைசி பெஞ்ச் நகரும் சத்தம் கேட்டது. மனைவி பையோடு முன்னால் நடந்து வந்து, அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் அமர்ந்தாள்.

"அந்த பெஞ்சில உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"மாசம் எவ்வளவு வருது, எவ்வளவு போகுது? ஒண்ணு விடாம சொல்லணும்." முதல் வாரம் ஒவ்வொரு குடும்பத்திடமும் அவர் கேட்கும் கேள்வி. இருபது வருஷமாக அவரை 'என்னங்க' என்றே அழைத்தவள் சேர்த்துக்கொண்டாள்: "சொல்லுங்க, ஐயா."

அது கோபமா, பாடமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கணக்கை எழுதச் சட்டைப் பையைத் தடவினார். பேனாவைக் கிடங்கிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். தையல்காரி தன்னுடையதை நீட்டினாள்.