இடது பக்கம் கேட்காத இயர்போன்

கண்ணாடிப் பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் பாட்டில்களைப் பார்த்து அனுப்புவதுதான் அவளுடைய வேலை. பளிச்சென்ற வெள்ளை விளக்குக்கு முன்னால் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து போகும். கீறலோ குமிழோ கண்ணில் பட்டால் எடுத்துக் கூடையில் போட வேண்டும். அந்த விளக்குக்கு முன்னாலேயே நாற்பது வயதைத் தாண்டிவிட்டதால் எல்லாருக்கும் அவள் லைட்டக்கா. சொந்தப் பேர் சம்பள நாளில் மட்டும்தான் வெளியே வரும்.

கேமரா இருக்கிற எதையும் உள்ளே விட மாட்டார்கள். போன் வாசலிலேயே தங்கிவிடும். தீப்பெட்டி அளவில் அவள் வைத்திருந்த பழைய மியூசிக் பிளேயரை மட்டும் சூப்பர்வைசர் கண்டும் காணாமல் விட்டிருந்தார். "பாட்டு கேளுங்க, வேணாங்கல. ஆனா அபாய மணி அடிச்சா காதுல விழணும். விழலைன்னா இந்த சீட்டு கிடையாது" என்று சொல்லியிருந்தார். பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தத்துக்கு நடுவே அந்தப் பாட்டுகள் இல்லாவிட்டால் கண் தானாகச் சொக்கிவிடும்.

இயர்போனில் இடது பக்கம் மங்கத் தொடங்கியபோது அவள் ஒயரைத்தான் சந்தேகப்பட்டாள். முறுக்கிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள். பிறகு சத்தத்தைக் கூட்டினாள். அது தேறாது என்று தெரிந்ததும் பஸ் ஸ்டாப் பக்கத்து நடைபாதைக் கடையில் இன்னொன்று வாங்கினாள். அதிலும் அதே பக்கம் ஊமை.

"அடிமட்ட விலைக்கு வாங்கினா அப்படித்தாம்மா இருக்கும்" என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள். "பட்ஜெட்டைச் சொல்லு, நான் பாத்துச் சொல்றேன்."

"யானை விலையெல்லாம் ஆகாது. காதுக்குள்ள நல்லா உக்காரணும், வெளிச் சத்தம் அடங்கணும், ஆறு மாசமாவது உழைக்கணும்."

மகள் தேடிப் பார்த்து, நடுத்தர விலையில் இரண்டு மூன்றைச் சொல்லி, கடைத்தெருவில் போட்டுப் பார்த்து வாங்கக்கூடிய கடையையும் சொன்னாள். அடுத்த விடுமுறையில் லைட்டக்கா தனியாகவே போனாள்.

கடைக்காரர் பொறுமைசாலி. ஒவ்வொன்றுக்கும் புது ரப்பர் மாட்டிக் கொடுத்தார். முதலாவதைப் போட்டதும், "இடது பக்கம் சரியா கேக்கலையே" என்றாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, அவள் கேட்ட விலையைவிடக் கொஞ்சம் கூடுதல். அதிலும் இடது பக்கம் கிணற்றுக்குள் யாரோ பாடுவதுபோல்தான் இருந்தது.

"என்னங்க, எல்லாமே இப்படி ஓட்டையா வச்சிருக்கீங்க?"

அவர் வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. "ரெண்டையும் மாத்திப் போடுங்கக்கா. வலதை இடதுல, இடதை வலதுல."

மாற்றிப் போட்டாள். சற்றுமுன் ஊமையாக இருந்த பக்கம் வலது காதில் கணீரென்று பாடியது. இடது காதில் மறுபடி அதே கிணறு.

கோளாறு இயர்போனில் இல்லை, காதில். கடைக்காரர் ஒயரைச் சுற்றத் தொடங்கினார்.  "அப்புறம் வரேன்" என்று தெருவில் இறங்கியபோதுதான் இன்னொன்று உறைத்தது. இரண்டு மாதமாகக் கணவர் குறட்டையை நிறுத்திவிட்டார் என்று அவள் அக்கம்பக்கத்தில்கூடப் பெருமையாகச் சொல்லியிருந்தாள். அவள் வலது பக்கம் ஒருக்களித்துப் படுப்பவள். நல்ல காது தலையணைக்குள் புதைந்திருந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் மூச்சு விடவில்லை. "எதுவும் பிடிக்கல" என்று மகளிடம் மழுப்பினாள். குளியலறைக்குள் போய்க் காதருகே விரலைத் தேய்த்துப் பார்ப்பாள். சமைக்கும்போது வலது காதைப் பொத்திக்கொண்டு குக்கர் விசில் கேட்கிறதா என்று நிற்பாள். வேலையிலோ பாட்டை அணைத்துவிட்டு அந்த மணிக்காகவே காத்திருந்தாள். கண் பாட்டிலில் நிற்கவில்லை. ஒருநாள் கீறல் விழுந்த நாலைந்தை அப்படியே போகவிட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கண்டுபிடித்தவர் கணவர்தான். டெலிவரி வேன் ஓட்டுபவர், ஹாரனைப் போலவே பேசுபவர். இடது பக்கம் நின்று இரண்டு முறை தண்ணீர் கேட்டவர், மூன்றாவது முறை மெதுவாக அவள் தோளைத் தொட்டார்.

"நான் கூப்பிட்டா உனக்கு எப்பவுமே கேக்காது, தெரியும். இது அது இல்ல. என்ன ஆச்சு?"

அவ்வளவுதான், உடைந்துவிட்டாள். "செவிடாயிடுவேனோன்னு பயமா இருக்குங்க. சீட்டைப் புடுங்கிடுவாங்க."

"அதை டாக்டர் சொல்லட்டும். நீயே எதுக்குத் தீர்ப்பு எழுதற?"

காது டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு குறும்பியா!" என்றார். காதுக்குள் செருகும் இயர்போன் தினமும் அதை உள்ளே தள்ளித் தள்ளி அடைத்துவிட்டதாம். சுத்தம் செய்து எடுத்ததும் அறையின் மின்விசிறிச் சத்தம் குபுக்கென்று உள்ளே வந்தது. லைட்டக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. "எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடுவோம்."

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். வலது காதில் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. இடது காதில் கீச்சென்ற சின்னச் சத்தங்கள் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பரீட்சையில் விடை தெரியாத பிள்ளையைப்போல் குத்துமதிப்பாக அமுக்கத் தொடங்கினாள்.

கதவு திறந்தது. "அம்மா, நான் இன்னும் சத்தமே வைக்கல. ஏன் அமுக்கறீங்க?" என்றாள் டெஸ்ட் எடுக்கும் பெண்.

கீச்சென்ற உச்சஸ்தாயிச் சத்தங்கள் இடது காதில் கொஞ்சம் போய்விட்டிருந்தன. வேலை செய்யும் இடத்தில் இயந்திரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். இடது பக்கம். அதன் இரைச்சல் கேட்காமலிருக்க எவ்வளவு சத்தமாகப் பாட்டு வைப்பாள் என்று கேட்டபோது, பிளேயரில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்று மென்று விழுங்கினாள்.

"போனது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தலாம். அந்த இடத்துல உக்காரும்போது காதடைப்பான்தான், பாட்டு வேணாம். வெளியில கேக்கறதுன்னா குறைச்சு வச்சுக் கேளுங்க."

மறுநாள் டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சூப்பர்வைசர் முன்னால் நின்றாள்.  அவர் படித்தார், திரும்பப் படித்தார். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டுபோய், ஓர் ஆளை விட்டு அபாய மணியை அடிக்கச் சொன்னார். காதடைப்பானைப் போட்டிருந்தும் அவளுக்குக் கேட்டது. "எதிர்வரிசைக்கு மாறிக்கோங்க. அங்க சத்தம் குறைவு, மணிக்குப் பக்கத்துல சிவப்பு விளக்கும் இருக்கு" என்றார். அடுத்த காது சோதனை ஆறு மாதம் கழித்து, அதன் பிறகுதான் இந்த வேலை நிலைக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியும் என்றும் சேர்த்துச் சொன்னார். பாதி நிம்மதி, பாதி கத்தி.

அந்த வார விடுமுறையில் மகளோடு மறுபடி அதே கடை. இந்த முறை அவள் கேட்டது வேறு. "பஸ்ஸுல கேக்கறதுக்கு. குறைச்ச சத்தத்துலயே தெளிவா கேக்கணும்."

கடைக்காரர் நடுத்தர விலையில் ஒன்றை எடுத்தார். இடது காதுக்குச் சின்ன ரப்பர், வலதுக்கு அடுத்த அளவு என்று பொருத்தினார். கதவைத் திறந்துவிட்டும் தெருச் சத்தம் அடங்கியிருந்தது. அவளுக்குப் பிடித்த பாட்டு ஓடியது. இடையில் ஓரிடத்தில் அவள் நெற்றி சுருங்கியது. இயர்போனைக் கழற்றி மகளிடம் நீட்டினாள்.

"இந்த இடத்துல புல்லாங்குழல் மேல ஏறுமே, வருதா பாரு."

மகள் கேட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "வருதும்மா. ரெண்டு பக்கமும்."

லைட்டக்கா தலையாட்டினாள். திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டாள். சத்தத்தைக் கூட்டத் தானாகப் போன விரலைப் பிளேயரிலிருந்து எடுத்தாள். "இதையே குடுத்துடுங்க" என்றாள்.